மீதி 397 பேர்

வாரத்துக்கு ஒன்றாவது கைப்பேசிக்கு வந்துவிடுகிறது, அந்த அறிவிப்புப் படம். சிறுகதைப் போட்டி, லோகோ போட்டி, ஐந்து நிமிடக் குறும்படப் போட்டி, 'உங்கள் தொழில் யோசனையை மூன்றே நிமிடத்தில் சொல்லுங்கள்' போட்டி. எது வந்தாலும் அடியில் இருக்கும் நான்கு வரி மட்டும் மாறுவதில்லை. முதல் பரிசு இவ்வளவு. கடைசித் தேதி இன்னது. பங்கேற்கும் அனைவருக்கும் மின்சான்றிதழ். நடுவர் தீர்ப்பே இறுதியானது.

இணையத்தில் ஒரு போட்டி எப்படி ஓடுகிறது, அதில் உழைப்பு யாருடையது, லாபம் யாருக்கு என்பதெல்லாம் இந்த நான்கு வரிக்குள் அடங்கிவிடும். ஐந்தாவதாக ஒரு வரியும் உண்டு. அது 'விதிமுறைகளுக்கு உட்பட்டது' என்று பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 400 பேர் கலந்துகொள்கிறார்கள், 3 பரிசு என்று வைத்துக்கொள்வோம். படம் போட்டுப் பாராட்டப்படுவது மூன்று பேர். மீதி 397 பேர் எழுதாவிட்டால், வரையாவிட்டால், நாலு பேருக்கு அந்த அறிவிப்பை அனுப்பாவிட்டால், அப்படியொரு போட்டி நடந்ததே யாருக்கும் தெரியாது. ஒரு போட்டி உருப்படியானதா என்று யாராவது என்னைக் கேட்டால் நான் முதல் பரிசுத் தொகையைப் பார்ப்பதில்லை. இந்த 397 பேர் கையில் என்ன மிஞ்சும் என்றுதான் பார்க்கிறேன்.

பரிசு என்னும் பழைய வித்தை

பரிசு வைத்து வேலை வாங்குவது இணையம் கண்டுபிடித்த வழி கிடையாது. 1714ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், நடுக்கடலில் கப்பல் நிற்கும் தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கணிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு வரை தருவதாகச் சட்டமே போட்டது. வானியல் அறிஞர்கள் நட்சத்திரங்களையும் நிலவையும் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, ஜான் ஹாரிசன் என்ற கடிகாரக்காரர் கடலில் பிசகாத கடிகாரம் செய்து காட்டினார். பரிசு வைப்பவருக்கு இதில் உள்ள சௌகரியம் வெளிப்படை. சம்பளம் என்றால் முயன்ற எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். பரிசு என்றால் ஜெயித்தவருக்கு மட்டும் கொடுத்தால் போதும். தோற்றவர்களின் உழைப்பு இலவசம்.

இணையம் இதைப் பெரிதாக்கியது. 2006 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டி அறிவித்தது. 'உங்களுக்கு இந்தப் படம் பிடிக்கும்' என்று பரிந்துரைக்கும் தன் முறையின் துல்லியத்தை 10 சதவீதம் கூட்டிக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர். பயிற்சிக்காக, பெயர் நீக்கிய சுமார் 4,80,000 வாடிக்கையாளர்களின் 10 கோடி மதிப்பீடுகளைப் பொதுவில் வைத்தது. மூன்று வருடம் ஓடியது. 2009ல் கடைசியில் இரண்டு அணிகள் ஒரே அளவு துல்லியத்தோடு வந்து நின்றன. ஒன்று மற்றதைவிட 20 நிமிடம் முன்னால் விடையைச் சமர்ப்பித்திருந்தது. பத்து லட்சமும் அதற்கே போனது.

மூன்று வருட உழைப்பு, 20 நிமிடத்தில் கைநழுவிப் போனது. கேட்டால் வயிறு எரிகிறது. ஆனாலும் அந்தப் போட்டியை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். வருடா வருடம் முன்னேற்றப் பரிசு ஒன்று உண்டு. அதை வாங்குபவர் தன் முறையை எழுதி வெளியிட்டாக வேண்டும் என்பது விதி. எனவே முன்னால் ஓடுகிறவர் கற்றது பின்னால் ஓடுகிறவருக்கும் கிடைத்தது. ஜெயித்த அணியே, தனித்தனியாகப் போட்டியிட்ட மூன்று அணிகள் சேர்ந்து உருவானதுதான். இன்னொரு வேடிக்கை, ஜெயித்த முழுத் தீர்வை நெட்ஃபிளிக்ஸ் கடைசிவரை பயன்படுத்தவில்லை. அதைப் பொருத்தும் பொறியியல் வேலைக்கு அந்தக் கூடுதல் துல்லியம் ஈடாகாது என்று சொல்லிவிட்டது. ஆக, அதில் மிகப் பெரிய லாபம் யாருக்கு என்று பார்த்தால், அந்தத் துறையைக் கற்றுக்கொண்டிருந்த தோற்றவர்களுக்குத்தான்.

அதே போட்டிக்கு ஒரு கசப்பான வாலும் இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், பெயர் நீக்கப்பட்ட அந்த மதிப்பீடுகளை, ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் பொதுவில் கிடந்த மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு, சிலர் யார் என்றே அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். வழக்கு வந்தது. 2010ல் இரண்டாவது போட்டியை நெட்ஃபிளிக்ஸ் கைவிட்டது.

சரி, இதை லோகோ போட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனம் தன் பெயரைச் சொல்லி லோகோ கேட்கிறது. நூறு பேர் வரைந்து அனுப்புகிறார்கள். ஒருவருக்குப் பணம். 2008ல் மெல்போர்னில் தனி நிறுவனமான 99டிசைன்ஸ் இதைப் பெரிய வியாபாரமாகவே ஆக்கியது. வடிவமைப்பாளர் சங்கங்கள் இதை இன்றுவரை எதிர்க்கின்றன. முதலில் முழு வேலை, பிடித்தால் கூலி என்று எந்தத் தொழிலிலாவது உண்டா என்பது அவர்கள் கேள்வி. அதற்கு எட்டு வருடம் முன்பே, 2000ல், ஜேக் நிக்கெலும் ஜேக்கப் டிஹார்ட்டும் தொடங்கிய த்ரெட்லெஸ் என்ற டிஷர்ட் நிறுவனமும் போட்டியில் பிறந்ததுதான். ஓவியர்கள் படம் அனுப்புவார்கள், மற்றவர்கள் வாக்களிப்பார்கள், தேறியது டிஷர்ட்டில் அச்சாகும். அதை யாரும் அவ்வளவாகத் திட்டவில்லை.

இரண்டும் போட்டிதான். வித்தியாசம் தோற்ற படைப்பின் கதியில் இருக்கிறது. டிஷர்ட்டுக்கு வரைந்த யானைப் படம் அங்கே தேறாவிட்டால், ஒரு அட்டைக்கோ சுவரொட்டிக்கோ அதைக் கொண்டுபோகலாம். ஒரு நிறுவனத்தின் பெயரைச் சுற்றி வரைந்த லோகோ தோற்றால் குப்பைதான். எங்கே கொண்டுபோவது? கதைக்கும் இதே சோதனை பொருந்தும். நீங்கள் விரும்பியதை எழுதி அனுப்பும் போட்டியில் தோற்ற கதை இன்னொரு இதழுக்குப் போகும். 'எங்கள் தயாரிப்பின் பெயர் கதையில் மூன்று இடத்தில் வர வேண்டும்' என்ற போட்டியில் தோற்ற கதை எங்கும் போகாது.

கூட்டம் சேருவது யாருக்கு நல்லது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். டாப்கோடர் என்ற மென்பொருள் போட்டித் தளத்தின் ஆயிரக்கணக்கான போட்டிகளை ஆராய்ந்து 2011ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. போட்டியாளர் எண்ணிக்கை கூடக் கூட, ஒவ்வொருவரும் போடும் முயற்சி சராசரியாகக் குறைகிறது. 'இத்தனை பேரில் நமக்கா கிடைக்கப்போகிறது' என்ற எண்ணம்தான். ஆனால் எந்தப் பக்கமிருந்து விடை வரும் என்றே தெரியாத சிக்கலான கேள்விகளில், கூட்டம் கூடினால் முதல் இடத்தில் வரும் விடை இன்னும் சிறப்பாகிறது. அமைப்பாளர் 'ஆயிரம் பேர் பதிவு!' என்று ஏன் குதூகலிக்கிறார் என்பது இதிலேயே தெரிகிறது. பங்கேற்பவருக்கு அதில் குதூகலிக்க எதுவும் இல்லை.

யாருடைய நள்ளிரவு?

'கடைசி நாள் 30, இரவு 11.59.' எந்த ஊர் 11.59? கண்டம் தாண்டி ஆட்கள் வரும் நிகழ்வில் இந்தக் கேள்விக்கு விடை எழுதாமல் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருமுறை இதில் நானே ஏமாந்திருக்கிறேன். கூட்ட வேண்டிய நேரத்தைக் கழித்துவிட்டு, இன்னும் அரை நாள் இருக்கிறது என்று நிதானமாகப் பிழைதிருத்திக்கொண்டிருந்தேன். படிவத்தைத் திறந்தால் 'இனி பதில்கள் ஏற்கப்படமாட்டா'. ஆய்வு மாநாடுகள் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கின்றன. உலக நேரத்துக்கு 12 மணி பின்னால் இருக்கும் மண்டலத்தை அளவாக எடுத்துக்கொள்வார்கள். பூமியில் எங்காவது ஓர் இடத்தில் அந்தத் தேதி மிச்சமிருக்கும்வரை வாசல் திறந்திருக்கும். அவரவர் ஊர் நேரப்படி நள்ளிரவுக்குள் அனுப்பினால் போதும், கணக்கே வேண்டாம்.

கெடு தேதிக்கு இன்னொரு குணம் உண்டு. பரிசே இல்லாவிட்டாலும் அது வேலை வாங்கும். 1999ல் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேர் சேர்ந்து, ஒரு மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதுவது என்று முடிவு செய்தார்கள். பின்னால் நவம்பர் மாதம், 50,000 வார்த்தை என்று அது நிலைத்து, உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்த நானோரைமோ ஆனது. அங்கே நடுவர் இருந்ததில்லை. 50,000 தொட்ட எல்லாரும் வெற்றியாளர்கள். 2009ல் ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் தன் கோட்டோவியப் பயிற்சிக்காகத் தொடங்கிய இங்க்டோபரும் அதே ஜாதி: அக்டோபரில் நாளுக்கொன்றாக 31 மைப் படங்கள். 2002ல் தொடங்கிய லூடம் டேர் போட்டியில் ஒரு வார இறுதிக்குள் ஒரு கணினி விளையாட்டையே உருவாக்க வேண்டும். மதிப்பெண் போடுபவர்கள் சக போட்டியாளர்கள். அடுத்தவர் விளையாட்டை ஆடிப் பார்த்து மதிப்பிட்டால்தான் உங்கள் விளையாட்டும் அதிகம் பேர் கண்ணில் படும். பணப் பரிசு எதுவும் இல்லை. நீங்கள் செய்த விளையாட்டு உங்களுக்கே சொந்தம், அதுதான் பரிசு.

2020ல் எல்லாரும் வீட்டுக்குள் முடங்கியபோது கெட்டி அருங்காட்சியகம் ஒரு அழைப்பு விடுத்தது: பிடித்த ஓவியம் ஒன்றை, வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்து நடித்துக் காட்டிப் படமெடுங்கள். போர்வை அரச உடையானது, வடிகட்டி கிரீடமானது. பரிசு ஒன்றுமில்லை. மக்கள் குவிந்தார்கள். ஓவியம் என்றாலே ஒதுங்கிப் போகிறவர்கள்கூட ஒரு பழைய படத்தில் கை எந்தக் கோணத்தில் இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று அரை மணி நேரம் உற்றுப் பார்த்தார்கள். ஒரு கலை அமைப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் தோற்றவர் என்று யாரும் இல்லை, அதனால் மனக்கசப்பும் குறைவு. பராமரிப்புச் செலவு மட்டும் குறையாது. நானோரைமோ அமைப்பு, பணநெருக்கடியை முக்கியக் காரணமாகச் சொல்லி 2025 மார்ச் இறுதியில் மூடுவிழா அறிவித்தது. அதற்கு முன்பே உறுப்பினர் பாதுகாப்பு பற்றியும், செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் அது எடுத்த நிலைப்பாடு பற்றியும் பெரிய சச்சரவுகள் இருந்தன.

மின்சான்றிதழைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதை அடிக்க ஒரு பைசா செலவில்லை, அதனால்தான் அனைவருக்கும்.

ஜூம் கட்டத்துக்குள் விழா

2019 டிசம்பரில் ஜூம் கூட்டங்களில் ஒரு நாளைக்கு ஒரு கோடி பங்கேற்புகள். 2020 ஏப்ரலில் அது 30 கோடி. அந்த வேகத்தைப் பார்த்து, இனி மாநாடும் கண்காட்சியும் இணையத்திலேயே என்று நம்பிப் பணம் கொட்டியவர்கள் உண்டு. ஹாப்பின் என்ற இணைய நிகழ்வு நிறுவனத்துக்கு 2021ல் 775 கோடி டாலர் மதிப்பு போடப்பட்டது. 2023ல் அதன் நிகழ்வுப் பிரிவு ரிங்சென்ட்ரல் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியபோது கிடைத்தது அதில் ஒரு சிறு துணுக்கு.

ஏன் இப்படி? மேடையை இணையத்துக்குக் கொண்டுவருவது எளிது. மேடைக்கு வெளியே இருக்கும் தாழ்வாரத்தைக் கொண்டுவருவது கஷ்டம். வணிக மாநாட்டுக்குப் போகிறவர் பேச்சைக் கேட்கவா போகிறார்? தேநீர் வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் 'நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்கப் போகிறார். திரையில் இருநூறு கட்டங்களில் அந்தப் பக்கத்து ஆள் யார்? ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021ல் ஜூம் களைப்புக்குச் சொன்ன காரணங்களும் இதோடு சேர்கின்றன: எல்லாரும் எப்போதும் நம்மையே உற்றுப் பார்ப்பது போன்ற உணர்வு, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார வேண்டியிருப்பது, தலையசைப்பு போன்ற சைகைகளைப் புரிந்துகொள்ளவும் காட்டவும் மூளை கூடுதலாக உழைப்பது.

அதனால் தொழில்முனைவோருக்கான இணைய நிகழ்வில் பேச்சாளர் பட்டியலைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது சிறு அறைகளைத்தான். நான்கு பேர், பத்து நிமிடம், முன்கூட்டியே கொடுத்த ஒரு கேள்வி. 'உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று விட்டால் ஒன்பது நிமிடம் முதல் ஆளே பேசுவார். 'உங்கள் கடைசி மூன்று வாடிக்கையாளர்கள் உங்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?' என்று கேட்டால் நான்கு பேருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், எழுதிக்கொள்ளவும் ஏதாவது இருக்கும். தொழில் யோசனையை முதலீட்டாளர் முன் சொல்லும் பிட்ச் போட்டியிலும் இதே கதைதான். மூன்று நிமிடம் பேசி, முதலீட்டாளர் இரண்டு கேள்வி கேட்டு, 'நன்றி, அடுத்தவர்' என்றால் தோற்றவருக்கு மிஞ்சுவது படபடப்பு. அந்தக் கேள்விகளை எழுத்தில் அனுப்பிவைத்தால், அடுத்த முறை எந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்றாவது தெரியும்.

இசைக்காரர்களுக்கு இங்கே தனிப் பிரச்சினை. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் தாளம் நம் காதுக்கு வர 30 மில்லிநொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். சேர்ந்து வாசிப்பவர்கள் ஏறக்குறைய அந்த அளவுவரைதான் சமாளிக்கிறார்கள். அதைத் தாண்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காலம் இழுத்துக்கொண்டே போகும். வீடியோ அழைப்பில் 150 மில்லிநொடித் தாமதம் சாதாரணம். 50 மீட்டர் தள்ளி நிற்பவரோடு ஜுகல்பந்தி வாசிப்பது போல. போதாததற்கு, நீண்டு ஒலிக்கும் சுருதியை 'பின்னணி இரைச்சல்' என்று மென்பொருளே அமுக்கிவிடும். எனவே நேரலையில் சேர்ந்து பாடும் யோசனையைக் கைவிட்டு, தனித்தனியாகப் பதிவு செய்து பின்னால் கோக்கிறார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரின் இணையச் சேர்ந்திசைக் குழு 2010ல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 குரல்களோடு தொடங்கியது. 2020ல் 129 நாடுகளிலிருந்து 17,572 பேர். அதிலும் நடுவர் இல்லை, தோற்றவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். பாடி அனுப்பியவர் தன் குரல் அந்தப் பெருங்கடலில் எங்கோ இருக்கிறது என்று நிம்மதியாகக் கேட்கலாம்.

நடுவர் தீர்ப்பே இறுதியானது

சில வருடம் முன்பு ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறந்த முதல் கதைக்கு 6 மார்க் போட்டேன். மாலை ஐந்து மணிக்கு ஏறக்குறைய அதே தரத்தில் இருந்த கதைக்கு ஏழரை. மனசு உறுத்த, காலையில் படித்ததை மறுபடி எடுத்தேன். 6 மார்க் கதை அது இல்லை. காலையில் நான் 'இதைவிட நல்லது பின்னால் வரும்' என்று கையை இழுத்துப் பிடித்திருக்கிறேன். மாலைக்குள் என்ன வரும், என்ன வராது என்று தெரிந்துவிட்டது.

எனக்கு மட்டும் வந்த வியாதியில்லை இது. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் குயின் எலிசபெத் இசைப் போட்டியின் இறுதிச் சுற்றில், இரவுக்கு இருவர் வீதம் ஆறு இரவுகள் வாசிப்பார்கள். வரிசை சீட்டுக் குலுக்கி முடிவாகிறது. தரத்துக்கும் வரிசைக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. ஆனால் முதல் நாட்களில் வாசித்தவர்கள் பின்தங்குவதாகவும், பின்னால் வந்தவர்கள் மேலே ஏறுவதாகவும் பொருளாதார அறிஞர் விக்டர் கின்ஸ்பர்கும் உடன் ஆய்ந்தவர்களும் கண்டார்கள். 2003ல் வந்த அவருடைய இன்னொரு ஆய்வு இதைவிடக் கூர்மையானது: அந்தப் போட்டியில் மேல் இடம் பிடித்தவர்களுக்குப் பின்னாளில் இசை வாழ்க்கையும் நன்றாக அமைந்திருக்கிறது. அப்படியென்றால் ஒரு சீட்டு எந்த நாளில் விழுந்தது என்பது ஒருவரின் பிழைப்பையே கொஞ்சம் நகர்த்தியிருக்கிறது.

இணையப் போட்டியில் இதைச் சரிசெய்வது மிகச் சுலபம். மூன்று நடுவருக்கும் மூன்று வெவ்வேறு வரிசையில் கலைத்துக் கொடுத்தால் போதும். அரங்கத்தில் முடியாதது, ஸ்பிரெட்ஷீட்டில் ஒரு நிமிட வேலை. ஆனாலும் வந்த வரிசையிலேயே கொடுப்பவர்கள்தான் அதிகம். முன்கூட்டியே அனுப்பிய பொறுப்பானவருக்கு நஷ்டம், கடைசி நிமிடத்தில் ஓடி வந்தவருக்கு லாபம்.

மார்க் கூட்டும் கணக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் நடுவர் இரண்டு பக்கமும் தாராளமானவர். பிடித்ததற்கு 9, பிடிக்காததற்கு 4. மற்ற இருவரும் எதற்கும் 6, 7 என்று நடுவிலேயே நிற்பவர்கள். 'அ' என்ற கதைக்கு மூவரும் 9, 6, 6 போடுகிறார்கள். மொத்தம் 21. 'ஆ' கதைக்கு 4, 7, 7. மொத்தம் 18. பரிசு 'அ'வுக்கு. ஆனால் மூவரில் இருவருக்கு 'ஆ'தான் பிடித்திருந்தது! உரக்கப் பேசுகிறவரின் மார்க் ஜெயித்துவிட்டது. மார்க்குக்குப் பதிலாக முதல் பத்தை வரிசைப்படுத்தச் சொன்னால் இந்தக் கோளாறு குறையும். அப்புறம் மூவரும் ஒரு மணி நேரம் பேச வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடு எந்தக் கணக்கிலும் இல்லை.

பெயர் தெரியக் கூடாது என்பார்கள். கோப்பின் பெயரே கவிஞரின் பெயராக இருக்கும். அதை மாற்றினாலும் வேர்டு கோப்பின் பண்புகளைத் திறந்தால் உள்ளே பெயர் உட்கார்ந்திருக்கும். வீடியோ போட்டியில் பெயரை மறைத்து என்ன பயன்? பின்னால் இருக்கும் புத்தக அலமாரி, நல்ல விளக்கு, நல்ல கேமரா எல்லாம் மார்க் வாங்கும். பியானோக் கலைஞரும் ஆய்வாளருமான சியா-ஜுங் ட்ஸாய் 2013ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளைச் சிலருக்கு ஒலியாக மட்டும், சிலருக்குச் சத்தமில்லாத படமாக மட்டும் காட்டி, ஜெயித்தவர் யார் என்று கேட்டார். ஒலி கேட்டவர்களைவிட, சத்தமே இல்லாமல் படம் பார்த்தவர்கள் அதிகம் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களும் அப்படியே. பாட்டுப் போட்டிக்கு வீடியோ கேட்பதற்கு முன் அமைப்பாளர் இதை ஒருமுறை யோசிக்கலாம். முதல் சுற்றுக்கு ஒலிப்பதிவு போதும்.

இதெல்லாம் தலைவலி, மக்களே முடிவு செய்யட்டும் என்றால் இன்னொரு கூத்து. 2016ல் பிரிட்டனின் ஆய்வுக் கப்பல் ஒன்றுக்குப் பெயர் வைக்க இணைய வாக்கெடுப்பு நடந்தது. 'போட்டி மக்போட்ஃபேஸ்' (Boaty McBoatface, படகைக் குறிக்கும் 'போட்' என்ற சொல்லை வைத்துச் செய்தது) என்ற கேலிப் பெயர் 1,24,109 வாக்குகளோடு முதலில் வந்தது. கடைசியில் கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோ பெயரை வைத்துவிட்டு, அதிலிருந்து இயங்கும் சிறு நீர்மூழ்கிக் கருவிக்கு அந்தக் கேலிப் பெயரைக் கொடுத்துச் சமாளித்தார்கள். 'அதிக லைக் வாங்குபவருக்குப் பரிசு' என்ற போட்டி கேலியாக முடியாவிட்டாலும், அளப்பது படைப்பை இல்லை. யாருக்குச் சொந்தபந்தமும் நண்பர் குழுவும் அதிகம் என்பதை அளக்கிறது. அமைப்பாளருக்கு அதுவே வேண்டும்: ஒவ்வொரு போட்டியாளரும் ஐம்பது பேரைக் கையைப் பிடித்து இழுத்து வருவார். 397 பேரும் சம்பளமில்லாத விளம்பர முகவர்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு நடுவரின் பாடு இன்னும் சங்கடம். 2023ல் சோனி உலகப் புகைப்பட விருதின் ஒரு பிரிவில் ஜெயித்த ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தன் படம் செயற்கை நுண்ணறிவால் ஆனது என்று சொல்லி, பரிசை மறுத்தார். அடுத்த வருடம் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்ற புகைப்படக்காரர் நேரெதிராகச் செய்தார். தலையை இறகுக்குள் புதைத்து, தலையே இல்லாதது போல நின்ற ஒரு பூநாரையின் அசல் புகைப்படத்தை, இன்னொரு போட்டியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு அனுப்பினார். நடுவர்களிடம் மூன்றாம் இடம், மக்கள் வாக்கில் முதலிடம். விஷயத்தைச் சொன்னதும் தகுதிநீக்கம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது. இப்போது விவரமானவர்கள் முடிந்த படைப்போடு அதன் பாதையையும் கேட்கிறார்கள்: கேமராவின் மூலக் கோப்பு, பென்சில் வரைவு, கதையின் முதல் பிரதி.

அந்த ஐந்தாவது வரி

'அனுப்பப்படும் அனைத்துப் படைப்புகளும் அமைப்பாளருக்கே உரியவை.' பொடி எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். 'பரிசு பெறும் படைப்புகள்' என்றில்லை, 'அனைத்து'. 1886ல் உருவான பெர்ன் உடன்படிக்கையின் வழியில் வந்த நாடுகளில், ஒருவர் எழுதிய கணமே, வரைந்த கணமே, பதிவு எதுவும் இல்லாமல் பதிப்புரிமை அவருடையது. அந்த ஒரு வரி 3 பரிசுக்கு 400 உரிமைகளை வாங்கிக்கொள்கிறது. மேலே சொன்னேனே, தோற்ற கதையை வேறு இதழுக்கு அனுப்பலாம் என்று, அதற்கும் இந்த வரி கதவைச் சாத்திவிடும்.

எல்லாப் படைப்பையும் எடுத்துக்கொள்வதே தப்பு என்று சொல்லவில்லை. விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ் என்ற பாரம்பரியச் சின்னங்களின் புகைப்படப் போட்டி 2010ல் நெதர்லாந்தில் தொடங்கியது. அடுத்த வருடமே 1,68,208 படங்கள் வந்து கின்னஸில் ஏறியது. அதற்கு வரும் ஒவ்வொரு படமும் யாரும் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற உரிமத்தில்தான் வர வேண்டும். ஆனால் அதை முதல் பக்கத்திலேயே சொல்கிறார்கள், படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்கிறது, படம் போகுமிடமெல்லாம் அவர் பெயரும் போக வேண்டும். தோற்ற படமும் ஒரு விக்கிப்பீடியா கட்டுரையில் போய் உட்கார்ந்து பயன்படுகிறது. உரிமம் கொடுப்பது வேறு, உரிமையையே எழுதிக் கொடுப்பது வேறு.

தொழில் பக்கம் ஆபத்து வேறு மாதிரி. யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதிய வாசகத்துக்கு மட்டும்தான். கண்டுபிடிப்பு என்றால் காப்புரிமை (பேடன்ட்) கேட்கலாம், ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் அது புதிதாக இருக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி, விண்ணப்பத்துக்கு முன்னால் நீங்களே பொதுவில் விளக்கிவிட்டாலும் புதுமை போய்விட்டது. அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு. அரங்கத்தில் இருபது பேர் முன்னால் பேசியதை யாரும் நிரூபிக்கக்கூட முடியாமல் போகலாம். இணையப் பிட்ச் நிகழ்வு பதிவாகி, தேதியோடு யூடியூபில் ஏறிவிடுகிறது. எப்படி இயங்குகிறது என்பதை விட்டுவிட்டு, யாருக்கு என்ன பயன் என்பதை மட்டும் பேசுங்கள். அல்லது முதலில் விண்ணப்பியுங்கள்.

நுழைவுக் கட்டணமும் வாங்கி, குலுக்கலில் ஆளைத் தேர்ந்தெடுத்துப் பரிசும் கொடுத்தால் அது பல நாடுகளின் சட்டத்தில் லாட்டரி. கனடாவில் இதற்காகவே, குலுக்கலில் ஜெயித்தவரிடம் பரிசைக் கொடுக்கும் முன் ஒரு கூட்டல் பெருக்கல் கணக்குக் கேட்கிறார்கள். விடை சொன்னால் அது 'திறமைப் போட்டி' ஆகிவிடுமாம்.

நான் கலந்துகொண்டு தோற்ற போட்டிகளில் ஒன்றுதான் இன்னும் நினைவில் இருக்கிறது. பரிசுத் தொகை எவ்வளவு என்பதுகூட மறந்துவிட்டது. முடிவு வந்து பத்து நாள் கழித்து ஒரு மின்னஞ்சல். சான்றிதழ் என்று நினைத்துத் திறந்தேன். இணைப்பு எதுவும் இல்லை, இரண்டே வரி. 'கதை மூன்றாம் பக்கத்தின் அடியில், அவள் சாவியைத் திருப்பி வைக்கும்போதே முடிந்துவிட்டது. மீதி இரண்டு பக்கம் எதற்கு?' எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். அந்த இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டு வேறோர் இதழுக்கு அனுப்பினேன். போட்டார்கள்.